‘வாரேன்’ என்றொரு பட்டன்

நான் வீட்டில் உட்கார்ந்து செல்போன் செயலிகள் எழுதிப் பிழைக்கிறவன். கடற்கரை ஊரான மீமிசலில் இப்படி ஒருத்தன் இருப்பது எங்கள் தெருவுக்கே சரியாகத் தெரியாது. கம்ப்யூட்டரில் என்னமோ பார்க்கிறான், கரண்டு போனால் மட்டும் வாசலுக்கு வந்து கத்துகிறான், அவ்வளவுதான் என்னைப் பற்றிய பேச்சு. சென்னையில் கம்பெனியில் இருந்தபோது திரையை வரைய ஓர் ஆள், புரோகிராம் கோடு எழுத ஓர் ஆள், தப்பு கண்டுபிடிக்க ஓர் ஆள் என்று இருந்தார்கள். ஊருக்கு வந்த பிறகு அத்தனை பேரும் நானே. வேலை கொடுத்தவர் போனில் சத்தம் போட்டால் கேட்டுக்கொள்கிற ஆளும் நானே.

தனியாக வேலை செய்கிறவனுக்கு ஒரு வியாதி உண்டு. மண்டையில் யோசனை உதித்த மறுநிமிடம் கோடு எழுத உட்கார்ந்துவிடுவான். திரையில் எது எங்கே இருக்கும், யாருடைய விரல் எதைத் தொடும் என்பதையெல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று தோன்றும். எனக்கு அது முற்றிப் போயிருந்தது. அறந்தாங்கியில் ஒரு டியூஷன் சென்டருக்கு அப்படித்தான் எழுதினேன். எல்லாம் முடித்துக் கொண்டுபோய்க் காட்டினால், அந்த அம்மா முதல் திரையைப் பார்த்துவிட்டு, “டைம்டேபிள யாரு சார் கேட்டா, பெத்தவங்க தொறந்ததும் மார்க்குல்ல தெரியணும்” என்றார். அது ஒரு வரி மாற்றம் இல்லை. அடியிலிருந்து பிரித்துப் போட்டுக் கட்ட வேண்டியிருந்தது. பஸ்ஸில் திரும்பி வரும்போது என் மேலேயே எனக்கு அப்படி ஒரு கோபம். இனிமேல் வரையாமல் ஒரு வரிகூட எழுதுவதில்லை என்று அன்றைக்கு முடிவெடுத்தேன். அந்த முடிவு எங்கள் வீட்டு விஷயத்திலேயே வந்து காப்பாற்றும் என்று அப்போது தெரியாது.

என் அண்ணன் கடலுக்குப் போகிறவன். ஃபைபர் படகு, அதில் அவனுக்கும் ஒரு கூட்டாளிக்கும் பங்கு. விடிவதற்குள் கிளம்பினால் மதியத்துக்கு மேல் கரைக்கு வந்துவிடுவார்கள். மதினி இலுப்பூர்க்காரர். அவருடைய அப்பா அங்கே உரக்கடை வைத்திருக்கிறார், கொஞ்சம் வயலும் உண்டு. கல்யாணமாகி வரும்வரை மதினி கடலைப் பார்த்தது பள்ளிக்கூடச் சுற்றுலாவில் மட்டும்தான். பி.காம். படித்தவர், வாய்த்துடுக்கு உண்டு, என்னைக் கிண்டல் செய்வதில் அவரை மிஞ்ச ஆளில்லை. ஆனால் அண்ணன் கடலுக்குப் போகிற நாளில் அந்த மதினியைக் காணமுடியாது. உலை வைப்பார், இறக்குவார், சாப்பிடமாட்டார். பாயில் தலை சாய்க்கமாட்டார். அண்ணன் கரையில் கால் வைத்துவிட்டான் என்று தெரிகிற வரைக்கும் எனக்குப் போன் மேல் போன். மாடியில்தான் இருக்கிறேன், அப்படியும் போன். “தம்பி, எதும் தெரிஞ்சுச்சா?” எனக்கு என்ன தெரியும்? நானும் அவரைப் போலச் சுவரைப் பார்த்துக்கொண்டு இருக்கிறவன்தான்.

போன வருஷம் ஒரு நாள் படகு வரவில்லை. இன்ஜின் படுத்துவிட்டது, செல்லில் டவர் இல்லை, வேறொரு படகு கண்டுபிடித்துக் கட்டி இழுத்துக்கொண்டு வந்தபோது மறுநாள் மதியமாகிவிட்டது. அண்ணன் சிரித்துக்கொண்டே இறங்கினான். இன்ஜின் சண்டித்தனம் பண்ணிவிட்டது என்றான், பசி உயிர் போகிறது என்றான். மதினி தட்டை எடுத்து வைத்தார். சோறு போட்டார், பக்கத்தில் உட்கார்ந்து மீன் முள் எடுத்துக் கொடுத்தார். இரண்டு நாள் கழித்துப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இலுப்பூருக்குப் போய்விட்டார்.

சண்டை போட்டுக்கொண்டு போயிருந்தால் சமாதானம் பேசியிருக்கலாம். அவர் அண்ணன் மேல் ஒரு குற்றமும் சொல்லவில்லை. கடலை விடச் சொல்லவும் இல்லை. “அவுக தொழில் அவுகளுக்கு. இந்தக் காத்துக் கெடக்குறது இருக்குல்ல, அது எனக்கு முடியல தம்பி” என்று என்னிடம் மட்டும் சொன்னார். இதற்கு என்ன சமாதானம் சொல்வது? அண்ணன் தானாகவே ஒரு முடிவுக்கு வந்தான். படகுப் பங்கைக் கூட்டாளிக்கே கொடுத்துவிட்டு இலுப்பூர் போய் மாமனார் கடையில் உட்கார்ந்துவிடுவதாகச் சொன்னான். அதை அவன் சொன்ன விதம் எனக்குச் சகிக்கவில்லை. உர மூட்டைக்கும் அவனுக்கும் என்ன சம்பந்தம்? நல்ல வெயிலில் வேர்க்காதவன் கடைக்குள் ஃபேன் காற்றில் வேர்த்துப்போவான். எங்களைப் பெற்ற ஆத்தா இரண்டு பேருக்காகவும் அழுதாள். எனக்கு அழவும் வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. அந்த எரிச்சலில் உதித்ததுதான் இந்தச் செயலி.

யோசனை ரொம்பச் சின்னது. வலையை இழுத்து முடித்துப் படகைக் கரைப்பக்கம் திருப்பியதும் அண்ணன் போனில் ஒரு பட்டனை அழுத்த வேண்டும். அங்கே டவர் இருக்காது. பரவாயில்லை, செயலி அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும். கரை நெருங்க நெருங்க எங்கே முதல் டவர் கிடைக்கிறதோ அங்கே தானாகச் செய்தி போய்விடும். மதினிக்கு அவன் கரையேறுவதற்கு வெகு முன்னாலேயே தெரிந்துவிடும். இதற்கு வாட்ஸ்அப் போதாதா என்று கேட்காத ஆள் கிடையாது. போதாது. அண்ணனின் போன் பிளாஸ்டிக் உறைக்குள், உறை டப்பாவுக்குள். ஈரக் கையோடு எடுத்து, பூட்டைத் திறந்து, குட்மார்னிங் படங்களுக்கு நடுவில் பெண்டாட்டி பெயரைத் தேடி, அவன் என்றைக்கு அனுப்புவான்? போன் பேசினாலோ இன்ஜின் சத்தத்தில் “ஹலோ ஹலோ” என்று இரண்டு கத்து, அப்புறம் கட்டாகிவிடும். பாதி வார்த்தை கேட்டவருக்குப் பயம் இரட்டிப்பாகும். எங்களுக்கு அதுவும் அனுபவம்தான்.

சாதாரணமாக இருந்தால் அன்றைக்கே கோடு எழுத உட்கார்ந்திருப்பேன். கை பரபரத்தது. ஆனால் முடிவெடுத்தாகிவிட்டதே என்று பரணிலிருந்து பழைய கல்யாணப் பத்திரிகைகளை இறக்கினேன். எங்கள் வீட்டில் வந்த பத்திரிகையைத் தூக்கிப்போடும் வழக்கம் கிடையாது, கட்டுக் கட்டாக இருக்கும். தடித்த அட்டை, பின்பக்கம் வெள்ளை. போன் அளவுக்கு வெட்டி, ஸ்கெட்ச் பேனாவால் திரைகளை வரைந்தேன். அண்ணனுக்கு ஒரே ஒரு திரை. மேல்பாதியில் பச்சையில் ஒரு பெரிய பட்டன், ‘போறேன்’. கீழ்ப்பாதியில் நீலத்தில் ஒன்று, ‘வாரேன்’. கிளம்பும்போது ஒன்று, திரும்பும்போது ஒன்று. ‘புறப்பாடு’, ‘வருகை’ என்று ரயில்வே ஸ்டேஷன் தமிழில் எழுதாமல் எங்கள் ஊர்ப் பேச்சிலேயே எழுதியதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட.

காயவைத்த அட்டையை முதலில் பார்த்தது ஆத்தாதான். எழுத்துக் கூட்டி வாசித்தாள். முகம் மாறியது. அட்டையை எடுத்துக் குப்புறக் கவிழ்த்து வைத்தாள்.

“இந்த வார்த்தைய அவன் கையில குடுக்காத.”

எந்த வார்த்தை என்று கேட்டுவிட்டு, கேட்ட வாயோடு எனக்கே புரிந்துவிட்டது. போறேன்! எங்கள் பக்கம் பெட்டிக்கடைக்குப் போகிறவன்கூட ‘போயிட்டு வாரேன்’ என்பான். அவசரமாக இருந்தால் ‘வாரேன்’. படியிறங்கும்போது ‘போறேன்’ என்று ஒருத்தன் சொன்னால் அவன் கோபித்துக்கொண்டு போகிறான் என்று அர்த்தம், அல்லது அதைவிட மோசம். கடலுக்குப் போகிறவன் வாயில் அது வரவே வராது. அதை நான் பச்சைப் பெயிண்டு அடித்தது மாதிரி அவன் கட்டைவிரலுக்குக் கீழே வைத்திருக்கிறேன். இந்த ஊரிலேயே பிறந்து, தினமும் இதே வார்த்தையைச் சொல்லி மாடிப்படி இறங்குகிறவன்தான் நான். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தால் மட்டும் நாக்கு வேறு யாருடையதோ ஆகிவிடுகிறது, என்ன கருமமோ.

சரி, அந்தப் பட்டனே வேண்டாம் என்று எடுத்துவிட்டேன். யோசித்துப் பார்த்தால் கிளம்பியதைச் சொல்லவேண்டிய அவசியமும் இல்லை, விடிவதற்குள் கிளம்புவான் என்பது மதினிக்குத் தெரியாததா? வேறொரு பத்திரிகையை வெட்டினேன். திரை முழுக்க ஒரே நீலப் பட்டன், ‘வாரேன்’. இதைவிடச் சுலபமாக ஒரு செயலி உலகத்தில் இருக்கமுடியாது, இதில் தப்பு வர வழியே இல்லை என்று நினைத்தேன். உண்மையைச் சொன்னால் அந்தச் சாயங்காலமே கோடு எழுத ஆரம்பித்திருப்பேன். ஈரக் கைக்குப் பட்டன் அளவு சரியாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிடலாம் என்றுதான் அட்டையைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுக்கொண்டு கரைக்குப் போனேன்.

வேப்பமர நிழலில் அண்ணனும் கூட்டாளியும் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார்கள். கூட்டாளி வாயாடி. உறைக்குள் மஞ்சள் ஓரம் தெரிந்ததும், தம்பி பத்திரிகை வைக்க வந்துவிட்டது, பொண்ணு எந்த ஊர், எப்போது சாப்பாடு என்று ஆரம்பித்துவிட்டார். அட்டையைத் திருப்பினால் உண்மையிலேயே ‘தங்கள் நல்வரவை நாடும்’ என்று இருந்தது. இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். வந்த விஷயத்தைச் சொன்னதும், அட்டையை அழுத்தச் சொல்கிறானே, இதற்கா இவ்வளவு படித்தான் என்று அண்ணன் வேறு சேர்ந்துகொண்டான். எனக்குக் கோபம் வந்தது, ஆனால் மதினி போன பிறகு அவன் சிரித்து அன்றைக்குத்தான் பார்க்கிறேன், அதனால் விட்டுவிட்டேன்.

கையைத் தண்ணீரில் நனைத்துக்கொள்ளச் சொன்னேன். இதுதான் உன் போன், இது படகு, நான் சொல்லச் சொல்லக் கடலில் செய்வது போலவே செய்யவேண்டும் என்று சொல்லி, முதலிலிருந்தே வரலாம் என்று ஆரம்பித்தேன். விடியவில்லை, படகைத் தள்ளிவிட்டீர்கள், ஏறியாகிவிட்டது, இன்ஜின் ஸ்டார்ட் ஆகிவிட்டது என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். அண்ணனின் கட்டைவிரல் நேராகப் போய் நீலப் பட்டனை அழுத்தியது.

“அண்ணே, அது திரும்பி வரும்போதுண்ணே. இப்ப ஏன் அழுத்துற?”

அவன் என்னை விநோதமாகப் பார்த்தான். “கெளம்புறோம்ல. சொல்லிட்டுப் போக வேணாமா?”

கூட்டாளியிடம் கொடுத்தேன். அவருக்கு இன்னும் விளக்கமாகச் சொன்னேன், இது கரைக்குத் திரும்பும்போது மட்டும் அழுத்தவேண்டியது என்று. தலையாட்டினார். மறுபடி விடியவில்லை, படகைத் தள்ளினோம், இன்ஜின் ஸ்டார்ட் ஆனது. அவரும் அழுத்தினார். அழுத்திவிட்டு, அட, ஆமாம்ல என்று நாக்கைக் கடித்துக்கொண்டார். அவர்கள் மேல் ஒரு தப்பும் இல்லை. வீட்டை விட்டுக் கிளம்புகிற ஒருத்தன் முன்னால் ‘வாரேன்’ என்று எழுதி நீட்டினால் கை அங்கேதான் போகும். விளக்கம் சொன்னால் அன்றைக்கு நினைவிருக்கும். தூக்கக் கலக்கத்தில், இருட்டில், தினமும் வாய் சொல்கிற வார்த்தை கண்ணெதிரே எரியும்போது விளக்கமாவது மண்ணாவது. என்னைச் சோதித்திருந்தால் நானும் அழுத்தித்தான் இருப்பேன்.

வலைக்குப் பக்கத்தில் மணலிலேயே உட்கார்ந்துவிட்டேன். என்ன நடந்திருக்கும் என்று மனதில் ஓடியது. விடிவதற்கு முன்னால், கரையில், டவர் நன்றாக இருக்கும் இடத்தில் அண்ணன் பட்டனை அழுத்துகிறான். அந்த நொடியே இலுப்பூரில் மதினியின் போன் அடிக்கிறது. ‘வாரேன்’. படகு திரும்பிவிட்டது என்று அவர் எழுந்து உட்காருகிறார். விடிகிறது. வரவில்லை. வெயில் ஏறுகிறது. திரும்பிவிட்டேன் என்று சொன்னவன் இன்னும் வரவில்லை. அவர் அப்போது என்ன நினைத்திருப்பார்? சும்மா காத்திருப்பதே முடியவில்லை என்று போனவருக்கு, இல்லாத ஒரு விபத்தை நானே பட்டன் வைத்து அனுப்பியிருப்பேன். அதற்குப் பிறகு அவரிடம் எந்தச் செயலியைப் பற்றியும் யாரும் பேசமுடியாது. அண்ணன் உரக்கடையில்தான்.

பிறகு கையிலிருந்த அட்டையைப் பார்த்தேன். வெறும் அட்டை. யாரோ எப்போதோ கட்டிக்கொண்ட கல்யாணத்தின் பத்திரிகை. ஒரு வரி கோடுகூட இன்னும் எழுதவில்லை. யாருடைய போனிலும் எதுவும் அடிக்கவில்லை. அப்பாடா என்று ஒரு மூச்சு வந்தது பாருங்கள், அப்படி ஒரு நிம்மதியைப் பரீட்சை பாஸான நாளில்கூட நான் அனுபவித்ததில்லை. அட்டையை இரண்டாகக் கிழித்தேன். கிழிக்க முடிகிறதே என்பதே சந்தோஷமாக இருந்தது, தூள் தூளாகக் கிழித்தேன். கூட்டாளி பயந்துவிட்டார், தம்பிக்கு வெயில் ஒத்துக்கொள்ளவில்லை என்று மோர் வாங்கிவரப் போனார்.

அண்ணனிடம் வேறு மாதிரி கேட்டேன். வலையெல்லாம் இழுத்துப் போட்டு, படகைக் கரைப்பக்கம் திருப்பியதும் பக்கத்துப் படகுக்காரன் கேட்டால் என்ன சொல்வீர்கள்?

“என்னத்தச் சொல்றது. திரும்பியாச்சும்போம்.”

திரும்பியாச்சு. அதைச் சொல்லிவிட்டு எவனும் வீட்டை விட்டுக் கிளம்பமாட்டான். புதுசாக ஓர் அட்டை வெட்டிக்கொண்டு மறுநாளும் போனேன். இருட்டு, படகு, இன்ஜின் எல்லாம் சொன்னேன். கட்டைவிரல் பட்டனுக்கு மேலே போய் நின்றது, எழுத்தைப் பார்த்தது, இறங்கவில்லை. வலையை இழுத்துப் படகைத் திருப்பச் சொன்ன பிறகுதான் இறங்கியது. ஒருமுறைக்கு நாலுமுறை செய்ய வைத்தேன். கடைசியில் அண்ணன் அலுத்துப்போய், அட்டையிலேயே இத்தனை பாடு என்றால் நிஜப் போனில் என்னைக் கொன்றுவிடுவாய் போல என்றான்.

அந்த வாரமே மதினியின் திரையை வரைந்து எடுத்துக்கொண்டு இலுப்பூர் பஸ் ஏறினேன். அறந்தாங்கி, புதுக்கோட்டை, இலுப்பூர் என்று மாறி மாறிப் போய்ச் சேர்ந்தபோது மதியம். அவருக்காக நான் வரைந்திருந்தது அண்ணனுடையதைப் போல எளிமை இல்லை. வித்தை எல்லாம் காட்டியிருந்தேன். கடல் வரைபடம், அதில் சின்னப் படகு, கடைசியாக டவர் கிடைத்த இடம், கடலுக்குப் போய் எவ்வளவு நேரமாயிற்று என்று ஓடுகிற கடிகாரம். பார்த்ததும் சந்தோஷப்படுவார் என்று நினைத்துக்கொண்டு நீட்டினேன்.

மதினி அட்டையை வெகுநேரம் பார்த்தார். பிள்ளை மடியில் ஏற வந்தது, அதை இறக்கிவிட்டு மறுபடி பார்த்தார்.

“இந்தப் படகு படம் வேணாம் தம்பி. இது அசையலைன்னா நான் செத்துருவேன்.”

டவர் இல்லாத இடத்தில் அது அசையாது. நாள் பூராவும் அசையாமல்தான் இருக்கும். அதை நான் யோசிக்கவே இல்லை. அழித்தேன். மணி ஓடுகிறதே, அதுவும் வேண்டாம் என்றார், ஓடினால் அதையே பார்த்துக்கொண்டிருப்பேன் என்றார். அழித்தேன். ஸ்கெட்ச் பேனாவை அவர் கையிலேயே கொடுத்துவிட்டேன். ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வந்தார், ஒவ்வொரு கோடு விழும்போதும் அவர் முகத்தில் கொஞ்சம் தெளிவு வருவதைப் பார்த்தேன். கடைசியில் மிஞ்சியது வெள்ளை அட்டை. செய்தி வரும்வரை அதில் ஒன்றுமே இருக்காது. வந்ததும் ஒரே வார்த்தை. இப்படி ஒரு வெற்றுத் திரையைக் கம்பெனியில் காட்டியிருந்தால் வெளியே போகச் சொல்லியிருப்பார்கள்.

அவரிடம் பழைய மதினி கொஞ்சம் எட்டிப் பார்த்தார். இவ்வளவு தூரம் பஸ் ஏறி வந்து வெள்ளைக் காகிதம் காட்டின ஒரே இன்ஜினீயர் நீங்கதான் என்றார். அப்புறம் குரலைத் தாழ்த்தி, இது சரியா வந்துச்சுன்னா பாக்கலாம் தம்பி, என்றார். வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. அந்தப் ‘பாக்கலாம்’ ஒன்றைத்தான் நான் ஊருக்குக் கொண்டுவந்தேன். ஆத்தா அதையே இரண்டு நாள் வைத்துப் பேசினாள்.

கோடு எழுதியது சுலபம். எதை எழுதவேண்டும் என்பது தெரிந்திருந்தால் எழுதுவது கை வேலைதான். டவர் இல்லாதபோது செய்தியைப் பிடித்து வைப்பதும், கிடைத்ததும் விடுவதும் கொஞ்சம் தண்ணி காட்டின. விலை குறைந்த போன்கள் பேட்டரியை மிச்சம் பிடிக்கிறேன் என்று பின்னால் ஓடுகிற செயலியைக் கழுத்தைத் திருகிப்போடும், அதோடும் மல்லுக்கட்டினேன். ஆனால் ஒரு தடவைகூட முழுசாகப் பிரித்துக் கட்டவில்லை. தெரியாமல் விழுகிற தொடுதல் செல்லாமலிருக்க, பட்டனை அழுத்திப் பிடிக்கவேண்டும் என்று வைத்தேன். அண்ணன் போனில் ஏற்றினேன். மதினியின் போனில் ஏற்ற மறுபடி இலுப்பூர் போய்வந்தேன்.

நிஜமாகக் கடலில் பார்க்கிற நாள் வந்தது. அண்ணன் விடிவதற்குள் கிளம்பிப் போய்விட்டான். எழுந்ததும் முதல் வேலையாகப் பார்த்தேன், எந்தச் செய்தியும் போயிருக்கவில்லை. அதுவே பாதி ஜெயம். மதினிக்கு வேண்டாம் என்று அழித்ததையெல்லாம் நான் எனக்கென்று ரகசியமாக வைத்திருந்தேன், என் லேப்டாப்பில் மணி ஓடிக்கொண்டிருந்தது. அவர் சொன்னது எவ்வளவு சரி என்று தெரிந்தது. வேறு வேலையே ஓடவில்லை. சட்டினி அரைக்கிற சத்தத்துக்கெல்லாம் ஆத்தாவிடம் எரிந்து விழுந்தேன்.

மதியம் சாப்பிட உட்கார்ந்தபோது வந்தது. என் போனிலும் அதே ஒரு வார்த்தை. திரும்பியாச்சு. சோற்றுக் கையோடு எழுந்து நின்றுவிட்டேன். ஆத்தா ஓடிவந்தாள், காட்டினேன், வாசித்துவிட்டு என் தலையில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினாள், அவளுக்குச் சந்தோஷம் வந்தால் அப்படித்தான். இப்போது மதினியிடமிருந்து போன் வரும் என்று கையைக் கழுவிக்கொண்டு காத்திருந்தேன்.

வரவில்லை.

கொஞ்ச நேரம் பார்த்தேன். அவருக்குச் செய்தி போய்ச் சேரவில்லையோ? நெட் இல்லையோ? அவருடைய போன் செயலியை அமுக்கிப்போட்டிருக்குமோ? எனக்குக் கிடைத்து அவருக்குக் கிடைக்காமல் போனால் எல்லாம் வீண். அங்கே அவர் வெள்ளைத் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார் என்று நினைத்ததும் போனை எடுத்தேன். போட்டேன். மணி முழுசாக அடித்து ஓய்ந்தது. எடுக்கவில்லை. மறுபடி போட்டேன். எடுக்கவில்லை. ஆத்தா என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தூணைப் பிடித்துக்கொண்டாள். மதினியின் அம்மாவுடைய நம்பருக்கு அடித்தேன். அத்தை எடுத்தார். ரகசியம் பேசுவது போலப் பேசினார்.

“செல்லுல என்னமோ வந்துச்சு தம்பி. பாத்தா. தட்டப் போட்டுச் சாப்புட்டா. இப்பத் தூங்குறா. எழுப்பவா?”

எழுப்ப வேண்டாம் என்று சொன்னேனா, சொல்ல நினைத்தேனா தெரியவில்லை. தூங்கட்டும் அத்தை, தூங்கட்டும் என்று திரும்பத் திரும்பச் சொன்னது மட்டும் நினைவிருக்கிறது. போனை வைத்துவிட்டு, மாடிக்குப் போய், யாரும் பார்க்காமல் நன்றாக அழுதேன். கோபக்காரன் என்று பெயரெடுத்தவன் அழுவது தெரிந்தால் ஊர் தாங்காது.

படகு வருகிற நேரத்துக்குக் கரைக்குப் போனேன். அண்ணன் படகு தரைதட்டுவதற்கு முன்னாலேயே இடுப்பளவு தண்ணீரில் குதித்துவிட்டான். மீன் பெட்டியைக்கூடத் தொடவில்லை. டப்பாவைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு என்னை நோக்கி நடந்துவந்தான். செய்தி போனதா என்று கேட்கவில்லை.

“அவ என்ன சொன்னா?”

“ஒண்ணும் சொல்லலைண்ணே. பாத்துட்டுச் சாப்புட்டாங்களாம். தூங்குறாங்களாம்.”

“தூங்குறாளா?”

“தூங்குறாங்களாம்.”

அவன் இன்னொரு தடவை சொல்லச் சொன்னான். சொன்னேன். பின்னால் கூட்டாளி பெட்டியைப் பிடிக்க ஆள் வரச்சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். அண்ணனுக்குக் காதில் விழவில்லை. ஈரக் கைலியோடு அப்படியே மணலில் உட்கார்ந்தான். டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு, யாரும் இல்லாத பக்கம் முகத்தைத் திருப்பி, என்னிடம் சொல்கிறானா தனக்கே சொல்லிக்கொள்கிறானா என்று தெரியாத குரலில் சொன்னான்.

“அப்பன்னா வந்துருவாடா.”